கோயிலுக்குப் போன மிச்சம்

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் குப்பனின் தள்ளுவண்டி கீரைக்காரிக்குப் பக்கத்தில்தான் எப்போதும் நிற்கும். சனிக்கிழமை மாலை என் தலை தெரிந்ததும் அவர் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

"இன்னா சார், இந்த வாரமும் பன்னீர் திராட்சையா?"

"ஆமா. மூணு கிலோ."

"வாராவாரம் மூணு கிலோ. வூட்ல ஜூஸ் கடை வச்சிகினு கீறியா?"

"இல்ல."

"அப்ப ஒயினு. சர்தான். கிறிஸ்மஸுக்கு எனக்கு ஒரு குவார்ட்டர் எடுத்து வையி சார். ஊறுகா நான் கொண்டாறேன்."

கீரைக்காரி சிரித்தாள். நான் பையை விரித்துப் பிடித்தேன். குப்பன் கொத்துக் கொத்தாக எடுத்து, உதிர்ந்ததை ஒதுக்கிவிட்டுப் போட்டார்.

"விதையில்லாதது கூட கீது சார். காலைல வந்த சரக்கு. அண்ணிக்கு ஒரு கிலோ எட்த்துனு போ. சாப்புடறதுக்கு சொகமா இருக்கும்."

"பன்னீரே போதும்."

அண்ணி இல்லை என்று அவருக்குத் தெரியாது. முதல் வாரமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு அதைச் சொல்வதற்கு ஒரு சந்தர்ப்பம் வரவில்லை.

என் மனைவி ஜென்சி போன மழைக்காலத்தில் இறந்தாள். காய்ச்சல். எங்களுக்குக் குழந்தை இல்லை. சேலையூரில் வாடகை வீடு. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. உயிர்வேதியியல் படித்தவன். மற்ற நாட்களை வேலை எடுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மிஞ்சும்.

ஞாயிற்றுக்கிழமை நான் பீர்க்கன்கரணைக்குப் போவேன். அங்கே ஜென்சியின் அம்மா, என் அத்தை புஷ்பம், தனியாக இருக்கிறார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மகன் எபி மஸ்கட்டில். மனைவி இறந்த பிறகு ஒருவன் மாமியார் வீட்டுக்கு வாராவாரம் எதற்குப் போகிறான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு பாட்டில் இருந்தது. திராட்சைப் பாகு.

அது ஜென்சியின் வேலையாக இருந்தது. அவர்கள் சர்ச் என்பதைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். அங்கே ஞாயிறுதோறும் முதல் ஆராதனையில் திருவிருந்து உண்டு. அப்பத்தோடு ஒரு மடக்குத் திராட்சை ரசம். புளித்ததாக இருக்கக் கூடாது; அது மதுவாகிவிடும். சாறாக வைத்தால் ஒரே நாளில் புளித்துவிடும். காய்ச்சிப் பாகாக்கிக் கொடுத்தால் அங்கே தண்ணீர் சேர்த்துக்கொள்வார்கள். அத்தைக்கு முழங்கால் வலி வந்து அடுப்படியில் நிற்க முடியாமல் போனதும் ஜென்சி அதை எடுத்துக்கொண்டாள். கல்யாணமான பிறகும் விடவில்லை. சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் பாகு காயும். ஞாயிறு காலை நான் தூங்கிக்கொண்டிருக்கும்போதே பாட்டிலை எடுத்துக்கொண்டு முதல் ஆராதனைக்குக் கிளம்பிவிடுவாள். அங்கிருந்து அம்மா வீடு. மத்தியானம் நான் சாப்பிடப் போவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை. எந்தக் கோயிலுக்கும்.

பாகு காய்ச்சுவது கடினமில்லை. பழத்தைக் காம்பிலிருந்து உதிர்த்து, உப்புத் தண்ணீரில் அலசி, அடி கனமான பாத்திரத்தில் போட்டு மிதமான தீயில் வைக்க வேண்டும். தோல் வெடித்து நிறம் இறங்கும். மத்தால் மசித்து வெள்ளைத் துணியில் பிழிய வேண்டும். சாற்றைச் சில மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி புளிப்பு உப்பு படியும். தெளிவை மட்டும் இறுத்துக் காய்ச்ச வேண்டும். சர்க்கரை சேர்ப்பதில்லை. எதுவுமே சேர்ப்பதில்லை. தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தால் ஓடாமல் நிற்க வேண்டும். மூன்று கிலோ பழம் ஒரு ஜாம் பாட்டிலுக்குள் அடங்கிவிடும்.

ஜென்சி காய்ச்சும்போது நான் ஹாலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பேன். வாசனை வரும். அதை வைத்துத்தான் பின்னால் கற்றுக்கொண்டேன்.

அவள் இறந்த பிறகு கோயிலில் கடையிலிருந்து பாட்டில் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். அத்தையே சொன்னார். சொல்லிவிட்டு, "எனக்குத்தான் காபிக்கு ஒண்ணும் இல்ல இப்ப" என்றார்.

அத்தைக்குச் சர்க்கரை நோய் பல வருடங்களாக உண்டு. வெள்ளைச் சர்க்கரையைத் தொடமாட்டார். வெல்லம், கருப்பட்டி, எதுவும் கிடையாது. காபியில் திராட்சைப் பாகு மட்டும் விட்டுக்கொள்வார். "இது பழம் மாப்பிள்ளை. அதுவும் கர்த்தருடைய பந்திக்குப் போறது. அங்க போறது என் உடம்புக்கு எப்படிக் கெடுதல் பண்ணும்?" என்பார். அவருக்குத் தெரிந்த பெண்கள் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். திருவிருந்துக் கிண்ணத்தில் மீந்ததைக் காய்ச்சல்காரர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் படித்தது அதுவல்ல. பழச்சாற்றில் தண்ணீர் போனால் மிஞ்சுவது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். ஆனால் ஜென்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். அத்தையின் ரத்தத்தை நான்தான் எடுப்பேன், எங்கள் மெஷினில்தான் ஓடும். மூன்று மாதச் சர்க்கரை அளவு ஏழுக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஏறியதில்லை. அதனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

கோயிலுக்கு ஏதோ கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதியை அம்மாவுக்குக் கொண்டுபோகிறாள் என்று நினைத்திருந்தேன்.

முதல் முறை காய்ச்சிக் கொண்டுபோனபோது அத்தை பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நீங்களா?" என்றார். அடுத்த ஞாயிறு போனபோது பாட்டில் காலியாகி, கழுவி, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"தீந்துடுச்சு மாப்பிள்ளை."

அடுத்த வாரமும் கொண்டுபோனேன். அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு காலி பாட்டில் எனக்காகக் கவிழ்ந்து கிடக்கும். நிறைந்ததைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு வருவேன். காபி. மீன் குழம்பு. எபி போனில் வருவான்; "மச்சான், சாப்டீங்களா?" என்பான். பிறகு அத்தையும் நானும் ஹாலில் உட்கார்ந்திருப்போம். ஃபேன் ஓடும். ஜென்சியைப் பற்றிப் பேசமாட்டோம். வேறு எதைப் பற்றியும் பெரிதாகப் பேசமாட்டோம். வெயில் இறங்கியதும் கிளம்புவேன். ஏரிக்கரை வழியாக வந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறும்போது ஞாயிறு முடிந்திருக்கும்.

ஆடி மாதம் அத்தையின் கால் பெருவிரலில் செருப்புக் கடித்துவிட்டது. அது ஆறவில்லை. சேலையை இழுத்து மூடிக்கொண்டு நடந்தார்.

"காலைக் காட்டுங்க அத்தை."

"சும்மா இருங்க. மாப்பிள்ளைகிட்ட காலை நீட்டுறதா?"

"ரத்தம் மட்டும் எடுத்துக்கிறேன்."

"அதை எடுத்துக்குங்க. உங்க தொழில் அது."

மறுநாள் மத்தியானம் தீபா என் மேசைக்கு வந்தாள். என்னோடு வேலை செய்கிற பெண். எப்போதும் ஏதாவது மென்றுகொண்டே இருப்பாள். அன்று மெல்லவில்லை.

"அண்ணா, புஷ்பம்னு ஒரு சாம்பிள். உங்க அத்தைதானே?"

"ஆமா."

"மூணு மாச சுகர் பத்துகிட்ட வந்திருக்கு. மெஷின்தான் தப்பா சொல்லுதோன்னு திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அதேதான்."

திரையில் எண்ணைப் பார்த்தேன்.

"அவங்க ஸ்வீட்டே தொடமாட்டாங்கன்னு சொல்வீங்களே அண்ணா. அப்புறம் எப்படி? காலில் புண் வேற இருக்குங்கிறீங்க. ஜாக்கிரதை அண்ணா, எங்க மாமாவுக்கு இப்படித்தான் விரல்ல ஆரம்பிச்சுது."

அவள் போன பிறகும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த விடைதான். வேறு விடை இருக்கிறதா என்று தேடினேன். மாத்திரையை மறந்திருக்கலாம். சோறு கூடியிருக்கலாம். எதுவும் பொருந்தவில்லை. வாரம் ஒரு பாட்டில் சர்க்கரையை என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிட்டால் பாட்டில் நின்றுவிடும். பாட்டில் நின்றால் ஞாயிறு நின்றுவிடும். சொல்லாவிட்டால் விரல் போகும்.

வாரம் முழுவதும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியும் சனிக்கிழமை மாலை குப்பன் வண்டி முன்னால் நின்றேன். பழம் வாங்கினேன். காய்ச்சினேன். பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பீர்க்கன்கரணைக்குப் போனேன்.

அத்தை கதவைத் திறந்தார். அடுப்படி மேடையில் காலி பாட்டில் கவிழ்ந்திருந்தது. காபிக்குப் பால் காய்ந்துகொண்டிருந்தது.

"வாங்க மாப்பிள்ளை. பாட்டிலைக் குடுங்க, காபிக்கு ஒரு சொட்டு இல்ல."

பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அத்தை, பாகு வேண்டாம்."

"ஏன்? பழம் கிடைக்கலையா?"

"கிடைச்சுது. சுகர் பத்துகிட்ட வந்திருக்கு. பாகுதான் காரணம்."

"அது பழம்."

"காய்ச்சினா தண்ணி போயிடும். மிச்சம் சர்க்கரைதான். கடைச் சர்க்கரைக்கும் அதுக்கும் உங்க உடம்புல பெரிய வித்தியாசம் இல்ல."

"கோயில்ல குடிக்கிறோமே?"

"அங்க ஒரு மடக்கு. அதுவும் தண்ணி கலந்தது."

அவர் பாலை இறக்கி வைத்தார். அடுப்பை அணைத்தார். ஒரு டீச்சர் கடைசி பெஞ்சுப் பையனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"அப்ப என் பொண்ணு இத்தனை வருஷம் எனக்குக் கெடுதல்தான் குடுத்தாளா?"

நான் பையின் காதைத் திருகினேன்.

"சொல்லுங்க. படிச்சவரு நீங்க. அவளும் படிச்சவதான். அம்மாவுக்கு சர்க்கரையைக் காய்ச்சிக் கொண்டாந்து ஊத்தினாளா?"

"அப்படிச் சொல்லல அத்தை."

"வேற எப்படிச் சொல்றீங்க? அவ குடுத்தப்ப சுகர் ஏறலையே. நீங்கதானே பார்த்தீங்க? ஏறிச்சா?"

"இல்ல."

"பின்ன?"

வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

அத்தை எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டார். டப்பாக்களை நகர்த்தி ஒன்றை எடுத்துவந்து என் முன்னால் மேசையில் வைத்தார். இருமல் மருந்து பாட்டில். பழுப்புக் கண்ணாடி. காலி. அதன் தலையில் அளவுக் கோடு போட்ட சின்ன பிளாஸ்டிக் மூடி.

"இதுலதான் கொண்டாருவா. கடைசியா கொண்டாந்தது. கழுவி வச்சேன். திருப்பிக் குடுக்க முடியல."

நான் அதைக் கையில் எடுத்தேன். என் உள்ளங்கைக்குள் அடங்கியது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். கோயிலுக்குப் போன மிச்சம். ஜாம் பாட்டில் முழுக்க அங்கதான். இதுல வாரத்துக்கு. காலைக் காபிக்கு ஒரு மூடி. 'மூடிக்கு மேல ஊத்தக் கூடாதும்மா'ன்னு ஒவ்வொரு வாரமும் சொல்வா. பாகு பத்தாதுன்னுதான் அப்படிச் சொல்றாள்னு நினைச்சுக்கிட்டேன்."

மூடியை எடுத்துப் பார்த்தேன். ஐந்து மில்லிக் கோட்டில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கீறல். அவள் போட்டது. அது யாருடைய கோடு என்று அத்தையிடம் கேட்கத் தேவை இருக்கவில்லை.

ஜென்சி கணக்குப் போட்டிருக்கிறாள். அம்மாவிடம் கூடாது என்று சொல்லவும் இல்லை, தாராளமாகக் குடி என்று சொல்லவும் இல்லை. ஒரு மூடி. எனக்கும் சொல்லவில்லை. நான் கேட்டதில்லை.

"அவளுக்குத் தெரியும் அத்தை" என்றேன். "அதான் மூடி."

அத்தை என் கையிலிருந்த மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார். கோபம் இறங்கியிருந்தது. எதிர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"நீங்க முழு பாட்டில் கொண்டாந்தீங்க" என்றார்.

"எனக்குத் தெரியாது."

"தெரியாதுதான்."

"அதுக்காக ஒரு வாரத்துல முழுசுமா அத்தை? ஒரு ஆளு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காபில ஊத்துவேன். இட்லிக்குத் தொட்டுக்குவேன். சாயங்காலம் ரொட்டில. அப்படியும் தீராது. சனிக்கிழமை மிச்சத்தைத் தண்ணில கரைச்சுக் குடிச்சிட்டு பாட்டிலைக் கழுவி வச்சிடுவேன்."

"அவ்வளவு பிடிக்குமா?"

"பிடிக்கவா?" என்றார். முகத்தைச் சுளித்தார். "அடிப்பிடிச்ச வாசனை. நீங்க முதல்ல கொண்டாந்ததுல இருந்தே. தீயைக் குறைக்காம கிண்டுறீங்க. தொண்டையில கரிக்கும். ஜென்சி இருந்தா அந்தக் கரண்டியாலயே உங்களை அடிச்சிருப்பா."

எனக்குச் சிரிப்பு வந்தது. நெடுநாள் ஆகியிருந்ததால் அது இருமல் மாதிரி வெளியே வந்தது.

"பின்ன ஏன் குடிச்சீங்க?"

"பாதி பாட்டில் அலமாரியில இருந்தா நீங்க பார்ப்பீங்க."

"பார்த்தா?"

"இவங்களுக்குத்தான் இருக்கே, அடுத்த வாரம் எதுக்குன்னு தோணும். தோணுமா இல்லையா? அதுக்கடுத்த வாரம் வேற வேலை இருக்கும். சேலையூர்ல இருந்து இவ்வளவு தூரம் எதுக்கு வரணும்? அவளே இல்ல." சேலை முனையை விரலில் சுற்றினார். "பாட்டில் காலியா இருந்தா ஒருத்தருக்கு வர வேண்டியிருக்கும் இல்ல?"

கிளம்பாத வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. பாட்டில் எனக்கும் அதற்குத்தான் என்று. அதற்குள் அத்தை எழுந்து ஆறிய பாலில் டிகாஷன் விட்டுக் காபி கொண்டுவந்தார். இனிப்பு எதுவும் கலக்காமல் இருவரும் குடித்தோம்.

கிளம்பும்போது பையை எடுத்தேன். உள்ளே நிறைந்த பாட்டில் கனத்தது. அத்தை பார்த்தார்.

"கொண்டாந்தீங்களா?"

"ஆமா."

"எடுத்துட்டுப் போயிடுங்க. இங்க இருந்தா குடிச்சிடுவேன்."

அடுத்த வாரம் வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. வாங்க என்று அவரும் சொல்லவில்லை. அதுவரை அதைச் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து பாட்டிலைத் திறந்து ஒரு ஸ்பூன் சாப்பிட்டுப் பார்த்தேன். காய்ச்சியவன் நான்தான், ஆனாலும் ஒருமுறைகூடச் சாப்பிட்டதில்லை. இனிப்பு முதலில் வந்தது. பிறகு கரி. அத்தை சொன்னது சரி. பாக்கியைச் சிங்க்கில் ஊற்றினேன். கெட்டியாக இருந்ததால் போக நேரம் பிடித்தது. வெந்நீர் விட்டேன்.

அந்த வாரம் டாக்டர் மாத்திரையை மாற்றினார், ஊசியும் எழுதினார் என்று எபி போனில் சொன்னான். "அம்மா உங்களைத்தான் கேட்டுக்கிட்டு இருக்காங்க மச்சான்" என்றான். என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை மாலை கால் தானாக மார்க்கெட்டுக்குப் போனது. குப்பன் தட்டைத் துடைத்தார்.

"பன்னீர் சார். மூணு கிலோதான?"

"இந்த வாரம் வேணாம்."

"இன்னா சார் பேஜாரு பண்றே. உனக்குன்னு நல்ல கொத்தா எட்த்து வச்சிகினு கீறேன். வூட்ல அண்ணி வேணாம்னுடுச்சா?"

"அண்ணி இல்ல குப்பன். இறந்துட்டாங்க. போன மழையில."

தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. கீரைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். குப்பன் விதையில்லாத கொத்து ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றி நீட்டினார். வேண்டாம் என்றேன். நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. மறுபடி வேண்டாம் என்றேன். கொத்தைத் திரும்ப வண்டியிலேயே வைத்துவிட்டார்.

அன்று மாலை வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஹாலில் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு காலை குளித்துச் சட்டை போட்டுக்கொண்டேன். கிளம்புவதா என்று தெரியாமல் வண்டிச் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கிளம்பினேன். பெருங்களத்தூரில் ஒரு பழக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினேன். ஆரஞ்சு, ஆப்பிள், மாதுளை. எல்லாவற்றிலும் சர்க்கரை. பக்கத்தில் பேக்கரி. அதைப் பார்க்கவே இல்லை. மறுபடி வண்டியைக் கிளப்பினேன்.

அத்தை வீட்டு கேட்டைத் திறந்தபோது கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒன்றைப் பாக்கெட்டில் விட்டேன். மற்றது தொங்கியது.

மணி அடிப்பதற்குள் கதவு திறந்தது. அத்தை என் முகத்தைப் பார்த்தார். பிறகு கைகளைப் பார்த்தார்.

"ஒண்ணும் கொண்டு வரல அத்தை."

"வாங்க மாப்பிள்ளை."

அடுப்படி மேடையில் எதுவும் கவிழ்ந்திருக்கவில்லை. காபி வந்தது. இரண்டு டம்ளர். இரண்டிலும் இனிப்பு இல்லை.

"உங்களுக்கு சர்க்கரை போடட்டுமா? நீங்க போட்டுக்கலாமே."

"வேணாம்."

"கசக்குதா?"

"கசக்குது."

"எனக்கும்தான்" என்றார். குடித்தார்.

ஃபேன் ஓடியது. அத்தை பக்கத்திலிருந்த முக்காலியைக் காலால் இழுத்தார். சேலையைச் சற்றுத் தூக்கி, புண் இருந்த காலை அதன் மேல் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"பஞ்சும் மருந்தும் அந்த டப்பாவில இருக்கு. எனக்குக் குனிய முடியல."

நான் எழுந்து போய்க் கைகளைக் கழுவிக்கொண்டு வந்தேன்.